திருவல்லிக்கேணியில் குடியிருந்த பெருமக்கள்

ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பெருமை உண்டு. அவ்வூர்க்காரரைக் கேட்டால் முதலில் கோயிலைச் சொல்வார். அடுத்து, "இன்னார் எங்கள் ஊரில் பிறந்தவர்" என்று மார்தட்டிக் கொள்வார். நம் கல்லூரி வரலாற்று மன்றத்தில் "ஊரும் பெருமக்களும்" என்ற பொருளில் பேச வேண்டிய முறை எனக்கு வந்தபோது, சென்னை மாநகரின் ஒரு பகுதியாகிய திருவல்லிக்கேணியை எடுத்துக் கொண்டேன். கோடை விடுமுறையில் அங்குள்ள என் சித்தப்பா வீட்டில் தங்கி, தெருத்தெருவாக நடந்து பார்த்த பழக்கமே அதற்குக் காரணம்.

ஒரு தாளை நடுவே கோடிட்டு, இடப்பக்கம் "இங்கே பிறந்தவர்" என்றும் வலப்பக்கம் "இங்கே வாழ்ந்தவர்" என்றும் தலைப்பிட்டேன். படிக்கப் படிக்க வலப்பக்கம் நிரம்பி வழிந்தது. இடப்பக்கமோ நெடுநாள் வெறுமையாகவே கிடந்தது. பாரதியார் எட்டயபுரத்தில் பிறந்தவர். கணித மேதை இராமானுசன் ஈரோட்டில் பிறந்தவர். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவர். அப்படியானால் திருவல்லிக்கேணியின் பெருமை எது? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரும் பெயரும்

அல்லி மலர்ந்த கேணியை உடைய ஊர் என்பதால் "திரு" என்னும் அடையும் சேர்ந்து திருவல்லிக்கேணி ஆயிற்று. ஆங்கிலேயர் நாவில் அது "டிரிப்ளிகேன்" என்று சிதைந்தது. பேயாழ்வார், திருமழிசையாழ்வார், திருமங்கையாழ்வார் ஆகிய மூவரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர். பார்த்தசாரதிப் பெருமாள் கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. எனவே சென்னைப் பட்டினம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இது ஓர் ஊராக இருந்தது என்பது தெளிவு.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா சென்னைக்கு இடம் பெயர்ந்து, 1768இல் சேப்பாக்கம் அரண்மனையை அமைத்தார். அவரைச் சார்ந்த குடும்பங்கள் சுற்றுப்புறத்தில் குடியேறின. 1795இல் வாலாஜா பள்ளிவாசல் எழுந்தது. அதன் பிறகு கோயில் மணியோசையும் பள்ளிவாசல் பாங்கொலியும் ஒருசேரக் கேட்கும் பகுதியாயிற்று திருவல்லிக்கேணி. அரசியல் நிருணய சபை உறுப்பினராக விளங்கிய காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். 1972இல் மறைந்த அவர் அடக்கமாகியிருப்பது இந்தப் பள்ளிவாசல் வளாகத்தில்தான். நவாபும் வந்தவர், காயிதே மில்லத்தும் வந்தவர். ஆக, வந்தோரை ஏற்றுக் கொள்ளும் பழக்கம் இவ்வூருக்குப் பழைய பழக்கமே.

கற்பலகையும் கணிதமும்

1912ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு வேலை கேட்டு விண்ணப்பம் எழுதினார். அதில் அவர் குறித்த முகவரி திருவல்லிக்கேணி முகவரி. கல்லூரித் தேர்வில் கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தவறியவர் அவர், பட்டம் இல்லை, கையில் இருந்தவை கணக்குகள் நிறைந்த குறிப்பேடுகள் மட்டுமே. மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அவர்தாம் சீனிவாச இராமானுசன்.

அந்த அலுவலகத்தில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் நாராயண ஐயர். அவரும் கணிதம் பயின்றவர். அவர் வீடு திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையில் இருந்தது. இரவு வேளைகளில் இருவரும் ஆளுக்கொரு பெரிய கற்பலகையை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவார்கள். தாள் விலைக்கு வாங்கும் பொருள். கற்பலகையோ அழித்து அழித்து எழுதக் கூடியது. இராமானுசன் துணி தேடாமல் முழங்கையாலேயே அழித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாராம்.

1913 சனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. அதன்பின் தாயுடனும் மனைவியுடனும் திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெருவை ஒட்டிய சிறு வீட்டில் குடியேறினார். 1914 மார்ச்சு 17ஆம் நாள் கப்பலேறும் வரை அவர் இருந்தது அங்கேதான். 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனார். 1920 ஏப்ரலில், சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

நாம் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இராமானுசனின் மேதைமையைத் திருவல்லிக்கேணி உண்டாக்கவில்லை. ஆனால் வேலை முடிந்து வந்த எழுத்தருக்கு எதிரே உட்கார்ந்து, கற்பலகையைக் கையில் எடுத்த ஒரு மனிதரை அது தந்தது. மேதைக்கும் ஒரு துணை வேண்டும். தன் கணக்கைக் காட்ட ஓர் ஆளேனும் இல்லாவிட்டால், எத்தனை பெரிய அறிவும் தன்னைத்தானே ஐயுறத் தொடங்கிவிடும்.

ஏடும் அச்சும்

உ.வே.சாமிநாதையர் 1903இல் கும்பகோணம் கல்லூரியிலிருந்து சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பட்டபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. கல்லூரிக்கு நடந்து செல்லும் தொலைவில், திருவேட்டீசுவரன்பேட்டை பிள்ளையார் கோயில் தெருவில் குடக்கூலிக்கு வீடு எடுத்தார். பிற்பாடு அவ்வீட்டையே விலைக்கு வாங்கி, தமக்குக் கும்பகோணம் கல்லூரிப் பணியைப் பெற்றுத் தந்த தியாகராச செட்டியாரின் நினைவாகத் "தியாகராச விலாசம்" என்று பெயரிட்டார். தமக்குச் சோறு கிடைக்க வழிசெய்தவரின் பெயரைத் தம் வீட்டு வாசலில் எழுதி வைத்த நன்றியை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகியவற்றைக் கும்பகோணத்தில் இருந்தபோதே அவர் பதிப்பித்து விட்டார். சென்னைக்கு வந்த பின் பதிற்றுப்பத்து 1904லும், பரிபாடல் 1918லும், குறுந்தொகை 1937லும் வெளிவந்தன. குறுந்தொகை வெளிவந்தபோது அவருக்கு வயது எண்பத்திரண்டு! செல்லரித்த ஏடுகள் ஊர் ஊராக வந்து சேர்ந்த இடமும், அவை அச்சு நூலாக உருமாறிய இடமும் அந்த வீடே. அவருடைய தன்வரலாறு 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்ததும் அவர் அங்கு வாழ்ந்த காலத்தில்தான்.

அந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்ற ஆவலுடன் பிள்ளையார் கோயில் தெருவுக்குச் சென்றேன். ஆனால் வீடு இல்லை. 2012இல் அது இடிக்கப்பட்டுவிட்டது. சங்க நூல்களைக் கரையான் வாயிலிருந்து மீட்ட பெரியவரின் வீட்டை நம் தலைமுறையால் மீட்க முடியவில்லை. தெருவில் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

பாரதியாரின் இறுதி மாதங்கள்

சுதேசமித்திரனில் பணியேற்று 1904இல் சென்னைக்கு வந்த பாரதியார், 1908இல் புதுவை சென்று, பத்தாண்டு அங்கு வாழ்ந்து, 1918இல் ஆங்கிலேயர் எல்லைக்குள் நுழைந்தபோது கைதானார். பின்னர்க் கடையத்தில் இருந்துவிட்டு, 1920 இறுதியில் மீண்டும் சுதேசமித்திரனுக்கு வந்தார். இம்முறை குடியிருந்தது துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில். இராமானுசன் திருவல்லிக்கேணியில் கற்பலகையில் எழுதிக் கொண்டிருந்த ஆண்டுகளில் பாரதியார் புதுவையில் இருந்தார். பாரதியார் திரும்பி வந்தபோது இராமானுசன் உயிருடன் இல்லை. ஒரே பகுதியின் இரண்டு பெரும் பெயர்கள் ஒரே காலத்தில் அங்கே குடியிருக்கவில்லை. ஆனால் கணக்குப் பலகைகள் இருந்த பைகிராப்ட்ஸ் சாலைக்கு இன்று பாரதி சாலை என்று பெயர்!

பாரதியார் யானை அடித்து இறந்தார் என்று நம்மில் பலர் இன்றும் சொல்லி வருகிறோம். இது பிழை. 1921இல் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தாக்கியது உண்மை. குவளைக்கண்ணன் என்னும் அன்பர் அவரைக் காப்பாற்றியதும் உண்மை. ஆனால் அவர் அக்காயத்திலிருந்து தேறினார். மீண்டும் பணிக்குச் சென்றார். ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையம் வாசகசாலைக்குப் போய்ச் சொற்பொழிவும் ஆற்றினார். அதன் பின்னர் வந்த வயிற்றுக் கடுப்பு நோயே அவரைக் கொண்டு சென்றது. 1921 செப்டம்பர் 11ஆம் நாள் நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்தது. வயது முப்பத்தொன்பது நிறையவில்லை. இறுதி ஊர்வலத்தில் சென்றவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பார்கள்.

இருபது பேர்! கோயில் திருவிழாவுக்குத் தெரு கொள்ளாத கூட்டம் திரளும் அதே பகுதியில்தான் இது நிகழ்ந்தது. அந்த வீட்டைத் தமிழக அரசு 1993இல் வாங்கிப் புதுப்பித்துப் பாரதியார் இல்லமாக ஆக்கியது. நல்ல செயல்; பாராட்டுவோம். எனினும் அவர் மறைந்து எழுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தே அது நடந்தது என்பதையும் மறத்தல் ஆகாது. குடியிருந்தவரின் அருமை அண்டை வீட்டாருக்கு அன்றே தெரிவது அரிது போலும்.

மகளிர் இருவர்

கடற்கரையை நோக்கி நிற்கும் ஐஸ் ஹவுஸ் 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்டது. பின்னாளில் அது பிலிகிரி ஐயங்கார் என்னும் வழக்கறிஞரின் இல்லமாயிற்று. 1893இல் விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்ப வீடு வீடாகச் சென்று பணம் திரட்டிய திருவல்லிக்கேணி ஆசிரியர் அளசிங்கப் பெருமாளின் உழைப்பு வீண்போகவில்லை. 1897இல் வெற்றியோடு திரும்பிய சுவாமிகள் இக்கட்டடத்தில் ஒன்பது நாள் தங்கினார். அதனாலேயே 1963இல் இதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டப்பட்டது.

இக்கட்டடத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. பதினோராம் வயதிலேயே கைம்பெண்ணான சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு இளங் கைம்பெண்கள் நால்வருடன் ஒரு விடுதி தொடங்கினார். வளர்ந்து வந்த அவ்விடுதி பிறகு ஐஸ் ஹவுசுக்கு இடம் பெயர்ந்தது. வீட்டின் பின்கட்டில் ஒடுங்கிக் கிடக்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட பெண்கள், கடல் காற்று வீசும் மாடியில் அமர்ந்து படித்து ஆசிரியைகள் ஆனார்கள். பனிக்கட்டி வைத்த கிடங்கில் பல குடும்பங்களின் அடுப்பெரிய வழி பிறந்தது.

மற்றொருவர் வை.மு.கோதைநாயகி அம்மாள். ஐந்து வயது கடந்த நிலையில் திருமணமாகித் திருவல்லிக்கேணிக்கு மருமகளாக வந்தவர். தொடக்கத்தில் சரளமாக எழுதத் தெரியாது. தம் முதல் நாடகத்தை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பின்னாளில் "ஜகன்மோகினி" இதழை நடத்தி, நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதி, விடுதலைப் போரில் சிறையும் சென்றார். இங்கும் அதே பாடம்தான்: ஒரு கோதைநாயகிக்கு முன்னால் ஒரு பட்டம்மாள் இருந்திருக்கிறார்.

பள்ளியும் சங்கமும்

தனி மனிதர்களை விட்டு அமைப்புகளைப் பார்ப்போம். 1878 செப்டம்பர் 20ஆம் நாள் "தி இந்து" இதழைத் தொடங்கிய இளைஞர் அறுவர் திருவல்லிக்கேணி இலக்கியச் சங்கத்தில் கூடிப் பேசியவர்கள். முத்துசாமி ஐயரை உயர்நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தியதை ஆங்கிலேயர் இதழ்கள் எதிர்த்து எழுதின; அவற்றுக்கு மறுப்பு எழுத ஓர் இதழ் இல்லையே என்ற ஏக்கமே காரணம். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, எண்பது படிகள் அச்சிட்டார்கள். அவர்களுள் முதல்வரான ஜி.சுப்பிரமணிய ஐயரே 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கினார். பின்னர்ப் பாரதியாருக்கு வேலை தந்த இதழ் அதுவே.

இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார். 1904இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். அரிசி, பருப்பு வாங்குவதில் ஏமாறாமல் இருக்க ஓர் ஆசிரியர் வழி தேடியது நாட்டின் கூட்டுறவு இயக்கத்துக்கே முன்னோடி ஆயிற்று. இலாகூரில் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1922 முதல் 1925 வரை இதே பள்ளியில் பயின்றார். 1983இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர்.

இங்கேயே பிறந்தவர்

இனி என் தாளின் இடப்பக்கத்துக்கு வருகிறேன். அதில் முதலில் எழுதிய பெயர் ம.சிங்காரவேலர். 1860இல் கடலோர மீனவர் குடியிருப்பான அயோத்தியாக்குப்பத்தில் பிறந்தார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார்; 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தின்போது அத்தொழிலைத் துறந்தார். 1923 மே முதல் நாள் இந்தியாவிலேயே முதன்முறையாகத் தொழிலாளர் தினக் கூட்டங்களை நடத்தினார். ஒன்று உயர்நீதிமன்றத்தின் எதிரே உள்ள கடற்கரையில். மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையில். 1925இல் கான்பூரில் நடந்த பொதுவுடைமை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1946இல் மறைந்தார்.

இவரைப் பற்றிப் படித்தபோது என் கட்டுரையின் போக்கே சற்று மாறியது. வந்தோரை ஏற்றுக் கொண்ட ஊர் என்று இதுவரை புகழ்ந்தேன். ஆனால் அந்த ஏற்பு எல்லாருக்கும் ஒன்றுபோல் இருந்ததா? கோயிலைச் சுற்றிய தெருக்களில் குடக்கூலிக்கு வீடு கேட்டால், பெயருக்கு முன் குலத்தைக் கேட்ட காலம் அது. ஈரோட்டுக்காரருக்கும் எட்டயபுரத்துக்காரருக்கும் திறந்த கதவு, கூப்பிடு தொலைவில் இருந்த குப்பத்துக்காரருக்குத் திறந்திருக்குமா? நூறு காதம் கடந்து வந்தவர் அண்டை வீட்டாராகலாம். நூறு கசத்தில் பிறந்தவர் அயலாராகவே இருக்கலாம். திருவல்லிக்கேணியின் பெருமையை எழுதுவோர் இந்தக் குறையையும் சேர்த்தே எழுத வேண்டும். சிங்காரவேலர் தம் கூட்டத்தை எந்த மண்டபத்திலும் வைக்காமல், எவரும் வந்து அமரக்கூடிய கடற்கரை மணலில் வைத்தது எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

நாம் கொள்ள வேண்டியது

இவற்றைத் தொகுத்து நோக்கினால் கிடைக்கும் முடிவு இது. மண்ணின் மகிமையால் பெரியோர் தோன்றுகிறார்கள் என்பது பேச்சழகுக்குச் சரி, வரலாற்றுக்குச் சரியன்று. எளியவரும் தாங்கக் கூடிய வாடகை, நடந்து செல்லும் தொலைவில் கல்லூரி, கூடிப் பேச ஒரு சங்கம், அச்சேற்ற ஓர் இதழ், காசின்றி அமரக் கடற்கரை, எதிரே அமர்ந்து கேட்க ஒரு மனிதர் ஆகிய இவை கூடும் இடத்தில் எங்கோ பிறந்தவர் வந்து பெரியவர் ஆகிறார். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஓர் இராமானுசன் முப்பது ரூபாய் எழுத்தராகவே முடிந்து போயிருக்கக் கூடும்.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் படிப்போரில் பலர் வெளியூரிலிருந்து வந்து, சிறு அறையில் மூவர் நால்வராகத் தங்கி, மெஸ்ஸில் உண்டு படிப்பவர்கள். அவர்களுக்கு இந்த ஊர் சொந்த ஊர் அன்று. ஆனால் நாளை இந்த ஊருக்குப் பெருமை தேடித் தருபவர் அவர்களுள் ஒருவராக இருக்கலாம். அறை வாடகைக்குக் கேட்டு வரும் மாணவனிடம் நாம் எதைக் கேட்கிறோம், நம் நூலகம் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, நம் பக்கத்து இருக்கையில் இருப்பவன் கணக்கைக் காட்டினால் நாம் கற்பலகையை எடுக்கிறோமா என்பவையே நம் ஊரின் பெருமையை முடிவு செய்யும்.

மன்றத்தில் பேசி முடித்த பின் அந்தத் தாளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். நடுவில் நான் போட்ட கோடு இனித் தேவையில்லை என்று தோன்றியது. அழித்துவிட்டேன். இப்போது அதில் இரண்டு பக்கங்கள் இல்லை, ஒரே பட்டியல்தான். சிங்காரவேலர் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன்.